மேலச்சத்திரத்துக் கடல்

மேலச்சத்திரத்திலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி, நாற்பத்தாறு கிலோமீட்டர் கரிசல் காட்டைத் தாண்டிப் போய் இறங்க வேண்டும். அவ்வளவு அலைச்சல் இந்த ஜனங்களுக்கு எதற்கென்று நினைத்ததோ என்னவோ, அந்த வருடம் ஆவணி மூன்றாம் தேதி கடலே புறப்பட்டு ஊருக்குள் வந்து, காப்பீட்டு முகவர் தங்கப்பழத்தின் வீட்டுக் கொல்லையில் பதினோரு வருடமாக வறண்டு கிடந்த கிணற்றில் தங்கியது. காலையில் பல் துலக்கப் போன தங்கப்பழம், கிணற்றுக்குள் யாரோ பெரிய ஜமுக்காளத்தை உதறுவதுபோலச் சத்தம் கேட்டு, துருப்பிடித்த இரும்பு வலையை நகர்த்தி எட்டிப் பார்த்தார். கருநீலத் தண்ணீர் நுரை கட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாளி விட்டு ஒரு கை மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், துப்பினார், சமையலறைப் பக்கம் திரும்பி, "கனி, நம்ம கெணத்துல கடல் வந்திருக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பால் பூத்தை அடைத்துவிடுவார்களே என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சோலை அந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

அவளுடைய சொந்தப் பெயர் சோல்வெய். நார்வே நாட்டின் வடகோடியில், எண்பது வீடுகளும் ஒரு படகுத்துறையும் மட்டுமே உள்ள தீவில் பிறந்து, தகப்பன் மீன்படகு ஓட்ட, தாய் தபால் நிலையத்தில் வேலை பார்க்க வளர்ந்தவள். நாடு விட்டு நாடு போய் ஒரு வருடம் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் திட்டத்தில் பிளஸ் ஒன் படிக்க வந்தாள். சோல்வெய் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்த மேலச்சத்திரத்து நாக்கு மூன்றாம் தரம் சோலை என்று திருத்திக்கொண்டது. பச்சை என்பதை ரேஷன் கடைப் பலகையில் மட்டும் பார்த்துப் பழகிய அந்த ஊருக்கு அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல வாய் குளிர்ந்தது.

அந்த வீட்டின் ஒரே மகள் பொன்ரேகாவுக்குக் கடல் வந்தது ஆச்சரியமாகப் படவில்லை. அது தனக்காக வரவில்லையே என்பதுதான் உறைத்தது. ஏனென்றால் அந்தத் திட்டத்துக்கு முதலில் மனுப் போட்டவளே அவள்தான். பதினாறு பக்கம் நிரப்பி, மதுரைக்குப் போய் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பதில் சொல்லி, பனி பெய்கிற ஊர் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு மாதம் கழித்து ராஜபாளையத்திலிருந்து மாவட்டப் பொறுப்பாளர் சௌந்தரம் டீச்சர் போன் செய்து, இந்த முறை பொன்ரேகாவுக்கு இடம் கிடைக்கவில்லை, ஆனால் உங்களுடையது நல்ல குடும்பமாக இருக்கிறது, வருகிற பிள்ளை ஒன்றை ஒரு வருடம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அம்மா சுயம்புக்கனி மகளைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டாள்.

சோலை பொன்ரேகாவைவிட ஏழு மாதம் மூத்தவள். வந்த அன்றே சுயம்புக்கனி அதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, பேர் சொல்லிக் கூப்பிடாதே, அக்கா என்று கூப்பிடு என்று மகளிடம் சொன்னாள். பதினாறு வருடம் அந்த வீட்டில் மூத்தவளாகவும் இளையவளாகவும் தானே இருந்த பொன்ரேகா, விமானத்தில் வந்து இறங்கிய ஒருத்தியால் சாப்பாட்டுக்கு முன் மூத்தவளாகவும் சாப்பாட்டுக்குப் பின் தங்கச்சியாகவும் ஆனாள்.

ஊர் கடலைத் தன் வழக்கத்துக்குள் எடுத்துக்கொள்ள ஒரு வாரம்தான் பிடித்தது. நகராட்சியிலிருந்து ஆள் வந்து, பதிவேட்டில் நல்ல தண்ணீர், உவர்த் தண்ணீர் என்று இரண்டு கட்டம் மட்டுமே இருப்பதைக் காட்டி வருத்தப்பட்டு, உவர் என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் 'அலை உண்டு' என்று எழுதிவிட்டுப் போனார். தண்ணீர் ஐஸ் போல இருந்ததால் தெருமுனைக் கடைக்காரர் கோலி சோடா பாட்டில்களை வலைப்பையில் கட்டி இறக்கினார். இருமல்காரப் பிள்ளைகளைக் கொண்டுவந்து காற்றுப் பிடிக்க வைத்துத் திரும்பக் கூட்டிப் போனார்கள். பெண் பார்க்க வருகிறவர்களைப் பஜ்ஜி சொஜ்ஜி முடிந்ததும் ஒரு நடை கடல் பார்க்க அழைத்து வந்தார்கள். வீட்டு முன்பக்கக் கூடத்தில் எட்டு மெஷின் போட்டு நைட்டி தைக்கும் தொழில் நடத்தினாள் சுயம்புக்கனி. அங்கே வேலை செய்த பெண்கள் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டு, கடல் ஏறும் சத்தத்துக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, இறங்கும் சத்தத்துக்கு மூடினார்கள். வேம்பாரிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து விற்கும் மரியதங்கம், தன் பிழைப்பு போய்விடுமோ என்று பயந்து வந்து பார்த்து, தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து, இது எங்கள் கடல் இல்லை, எங்கள் கடலுக்கு இவ்வளவு சோகம் கிடையாது என்று சொன்னாள். மறுநாள் முதல் அவளே வலை போட்டு, பேர் தெரியாத வெள்ளைச் சதை மீனைப் பிடித்து, சோலை மீன் என்று பேர் வைத்து விற்றாள்.

புரட்டாசி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக வேண்டியவர்கள் பஸ் ஏறாமல் தங்கப்பழம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். கிணற்றில் இருப்பது கடலா, கடல் இருப்பதால் இது கிணறு இல்லையா என்று சிவன் கோயில் குருக்களுக்குச் சந்தேகம் வந்தது. கைப்பிடிச் சுவரில் கை ஊன்றி அரை மணி நேரம் பார்த்தார். அலை அடித்து அவர் அங்கவஸ்திரம் நனைந்ததும், நனைக்க வருவது கடல், காத்திருப்பது கிணறு என்று தீர்ப்புச் சொல்லி, தர்ப்பையை எடுத்தார். எள்ளும் தண்ணீரும் விட்டு, பிண்டத்தைக் கரைத்துவிட்டு, ஜனங்கள் மூத்தோர்களை நிறைவாக அனுப்பிவைத்த முகத்தோடு வீடு போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் சோலையின் கன்னத்தைத் தொட்டு, நீ நல்லா இருக்கணும் தாயி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்திலேயே செம்பும் தாம்பாளமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்ற பொன்ரேகாவிடம், கொஞ்சம் தள்ளிக்கோம்மா என்று சொன்னார்கள்.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் சோலை சோலை என்று எல்லாரும் மொய்த்ததையும், கணக்கு வாத்தியார் அவளிடம் மட்டும் சிரித்ததையும், தங்கப்பழம் தன் ஸ்கூட்டரில் முதலில் சோலையை டியூஷனில் விட்டுவிட்டு வந்து அப்புறம் பொன்ரேகாவை ஏற்றியதையும் அவள் பல்லைக் கடித்து விழுங்கினாள். அம்மாவைத்தான் விழுங்க முடியவில்லை. சுயம்புக்கனி சிரித்து அவள் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் துணியும் நூலும் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காதவள், மகள் தலையைப் பின்னும்போதுகூட வாயில் ஊசியைக் கவ்வியிருப்பவள். அந்த அம்மா இப்போது சாயங்காலம் கடல் இறங்கும் நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, கிணற்றின் உள்படிக்கட்டில் மூன்றாம் படிவரை இறங்கி, சேலையைக் கெண்டைக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, சோலையோடு காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வாரத்திலேயே சோலை அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். என்னம்மா என்று உடனே பதில் வந்தது. பொன்ரேகா கூப்பிட்டால் இரு வாரேன் என்றுதான் வரும்.

பொன்ரேகா ஒளிந்து நின்று பார்க்கக் கற்றுக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தாள், குளியலறைச் சன்னலில் நின்று பார்த்தாள். சோலைக்கு வந்த தமிழ் தையல் பெண்களிடம் கற்ற தமிழ்; அம்மாவின் ஆங்கிலமோ பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஆங்கிலம்; இரண்டையும் வைத்துக்கொண்டு அவர்கள் அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று காது கொடுத்தால், அலைச் சத்தம் குறுக்கே வந்து பேச்சை மூடியது. சத்தமும் அவர்கள் கட்சி என்று அவளுக்குப் பட்டது. சோலை அடிக்கடி எந்தச் சொல்லும் இல்லாமல் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். எல்லாம் கிடைத்தவளுக்கு என்ன துக்கம் வேண்டிக் கிடக்கிறது என்று பொன்ரேகா நினைப்பாள்.

மார்கழி அரைப் பரீட்சை முடிந்த அன்று பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் நடந்தது. கைதட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சோலை, "அம்மா இதைவிட வேகமா ஓடியிருப்பாங்க இல்ல?" என்று கேட்டாள்.

"எந்த அம்மா?"

"நம்ம அம்மா. ஒன்பதாம் கிளாஸ்ல, வெறுங்காலோட, ஜில்லாவுலயே முதல்ல வந்தாங்களே. அடுத்த பந்தயத்துக்கு மெட்ராஸ் போக வீட்ல விடல. சர்டிபிகேட்டை அடுப்புல போட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

பொன்ரேகாவுக்குத் தெரியாது. பதினாறு வருடம் அதே வீட்டில், அதே பாயில், அந்த வயிற்றிலிருந்தே வந்து கிடந்தவளுக்குத் தெரியாதது, நாலு மாதத்துக்கு முன் வந்தவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்று பொய் சொன்னாள். அப்போது அவள் அடிவயிற்றில் பற்றிக்கொண்டது பொங்கல் கழிந்தும் அணையவில்லை.

தை மாதம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, திட்டத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பெயரில்லாமல் ஒரு கடிதம் எழுதினாள். மேலச்சத்திரத்தில் தங்கியிருக்கும் வெளிநாட்டு மாணவியை அந்த வீட்டுக்காரி தன் தையல் கூடத்தில் சம்பளம் இல்லாமல் வேலை வாங்குகிறாள் என்றும், தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூன்றாவது மெஷினில், ஊசி அடிக்கடி ஒடியும் மெஷினில், உட்கார வைக்கிறாள் என்றும், அந்தப் பெண் வெளியே சொல்லப் பயப்படுகிறாள் என்றும் எழுதினாள். சோலை மூன்றாவது மெஷினில் உட்காருவது உண்மை. விளையாட்டாக உட்கார்ந்து, கோணல்மாணலாகக் கழுத்துப்பட்டி அடித்து, தையல் பெண்களைச் சிரிக்க வைப்பாள். அவ்வளவு உண்மையைப் போட்டால்தான் மிச்சப் பொய் நிற்கும் என்று பொன்ரேகாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே தெரிந்தது.

ஒன்பதாம் நாள் சௌந்தரம் டீச்சர் காரில் வந்து இறங்கினார். கூடத்தில் தங்கப்பழமும் சுயம்புக்கனியும் எதிரே உட்கார, கடிதத்தைத் தமிழில் வரிவரியாகச் சொன்னார். பொன்ரேகா சமையலறையில் நின்று கேட்டாள். தங்கப்பழம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எவன் எழுதினது, கொண்டுவா அவனை என்றார். டீச்சருக்கும் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது. இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விசாரித்து யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றார். சுயம்புக்கனி மூன்றாவது மெஷினைப் பற்றிய வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். டீச்சர் படித்தார்.

"ஆமா டீச்சர்," என்றாள் சுயம்புக்கனி. "தைக்க வச்சேன்."

சோலை எவ்வளவோ இல்லை என்று சொன்னாள், தமிழில் சொன்னாள், அழுதுகொண்டே தன் பாஷையில் சொன்னாள். வீட்டுக்காரியே ஒப்புக்கொண்ட பிறகு விதி விதிதான். வேறு வீடு பார்க்கும்வரை ராஜபாளையத்தில் தன் வீட்டில் இருக்கட்டும் என்று டீச்சர் அவளைப் பெட்டியோடு அழைத்துப் போனார். கார் தெருவைத் தாண்டும்வரை பொன்ரேகா நின்று பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு சொல்லிற்று. அம்மா ஏன் ஆமா என்றாள் என்று கேட்கிற இடத்துக்கு நெஞ்சு போகவில்லை, போகவும் அவள் விடவில்லை.

சோலையோடு கடலும் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கடல் போகவில்லை. அன்று சாயங்காலம் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் ஏறியது, மறுநாளும் ஏறியது, மூன்றாம் நாள் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கொல்லையில் விழுந்து, பின்வாசல் வழியாக ஒவ்வொரு அறையாக நுழைந்து, கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் தேடிவிட்டு, முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கியது. எட்டு மெஷினிலும் ஒரே நாளில் துரு ஏறியது. பக்கத்து வீட்டு முருங்கை நின்ற நிலையில் இலை உதிர்த்தது. சோலை மீன் வலைக்கு வரவில்லை. சோடா பாட்டில்கள் உடைந்து வந்தன. சாப்பாட்டு நேரம் தெரியாமல் தையல் பெண்கள் பசித்திருந்தார்கள். தை அமாவாசைக்கு எள்ளோடு வந்தவர்கள் கரைத்த பிண்டங்களை அலை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்து, உருண்டை உடையாமல் அவரவர் காலடியில் வைத்தது. குருக்கள் அதைப் பார்த்து தர்ப்பையைக் கழற்றிவிட்டு, இந்த வீட்டில் பாவம் நடந்திருக்கிறது என்று சொன்னார்.

என்ன பாவம் என்பது ஊருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. பெற்ற தாயை விட்டு வந்த பிள்ளையை மெஷினில் உட்கார வைத்தாளாம், நைட்டி தைத்து வாங்கினாளாம் என்று தெருவெல்லாம் பேச்சு. நேற்றுவரை பாத்திரம் திறந்து குழம்பு மாற்றிக்கொண்ட தையல் பெண்களில் ஐந்து பேர் வேலைக்கு வரவில்லை. மளிகைக் கடையில் சுயம்புக்கனி போய் நின்றால் பேச்சு நின்றது. அவள் வீட்டுக்குள் வந்த கடலைத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி வெளியே விட்டாள். அது திரும்பி வந்தது, அவளும் திரும்பித் தள்ளினாள்.

அமாவாசைக்கு மறுநாள் மத்தியானம் மரியதங்கம் காலிக் கூடையோடு வாசலில் வந்து நின்று, எல்லாரும் கேட்கும்படி, "புள்ளை பெத்தவதானே நீயும், எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டாள். சுயம்புக்கனி துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். அவள் தலை குனிந்ததைப் பொன்ரேகா உள்ளேயிருந்து பார்த்தாள். அந்தத் தலை எதற்கும் குனிந்து அவள் கண்டதில்லை.

மரியதங்கம் போனதும் பொன்ரேகா முழங்கால் தண்ணீரில் நடந்து அம்மாவிடம் போனாள். எழுதியது நான்தான் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள் சுயம்புக்கனி. "மூணாவது மெஷின் ஊசி ஒடியறது இந்த வீட்டாளுகளுக்குத்தான் தெரியும். இங்க இங்கிலீஷ்ல லெட்டர் எழுதத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

"பெறகு ஏம்மா ஒத்துக்கிட்ட?"

"இல்லைன்னு சொன்னா உன்னைக் கண்டுபிடிச்சிருப்பாக. ரெண்டு புள்ளையில ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னு தோணுச்சு. நான் உன்னைக் காப்பாத்தினேன்." அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "ஒரு தப்பும் செய்யாத புள்ளையைப் பெட்டியோட அனுப்புனேன். அந்தப் பாவம் என்னோடதுதான். ஊரு சரியாத்தான் சொல்லுது."

ஐந்து மாதமாக ஒளிந்து நின்று, சன்னலில் நின்று, யார் பக்கம் யார் பக்கம் என்று பார்த்துப் பார்த்துப் பொன்ரேகா தேடியது அந்த ஒரு பதில்தான். அது இப்படி, முழங்கால் உப்புத் தண்ணீரில், அம்மாவின் வெட்கத்தோடு சேர்ந்து கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கிடைத்ததை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸுக்கே அப்பாவோடு ராஜபாளையம் போனாள். வழியில் அவரிடம் சொன்னாள்; அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதற்குப் பிறகு டிக்கெட் எடுக்க மட்டும் வாயைத் திறந்தார். சௌந்தரம் டீச்சரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர், இனி எந்த வருடமும் இந்தத் திட்டத்தில் உன் மனு எடுக்கப்படாது, தெரியும்தானே என்றார். தெரியும் என்றாள். மாடியில் இருக்கிறாள், போய் நீயே சொல் என்றார்.

சோலை மாடி அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. பொன்ரேகா சொல்லி முடித்ததும் அவள் கோபப்படுவாள் என்று பார்த்தால், போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். சாம்பல் நிறக் கடலில் ஒரு சிறிய படகு, சுக்கானைப் பிடித்துக்கொண்டு கறுத்த கூந்தலோடு ஒரு பெண், பக்கத்தில் தாடிவைத்த மனிதர்.

"இது எங்க அப்பா. இது எங்க படகு. இவ பெரு நாட்டுப் பொண்ணு, என்னை மாதிரி திட்டத்துல வந்தவ. இந்த வருஷம் என் ரூம்ல, என் கட்டில்ல இருக்கா. எனக்கு அப்பா சுக்கான் தந்ததே இல்ல, கை நடுங்கும்னு சொல்வாரு. அம்மா முன்னாடி தினம் போன் பண்ணுவாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கெணத்துல உக்காந்து இதைத்தான் அம்மாகிட்ட சொன்னேன். இதுக்குத் தமிழ்ல என்ன பேருன்னு தையல் அக்காகிட்ட கேட்டேன். வயித்தெரிச்சல்னு சொன்னாங்க. சரியான வார்த்தை. எங்க பாஷையில இவ்வளவு சரியா இல்ல."

பொன்ரேகா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அந்தத் தீவு வீட்டில் யாரோ ஒருத்தி யாரோ ஒருத்தியின் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெருவில் ஒரு வீட்டில் அந்தப் படகுப் பெண்ணுடைய கட்டிலில் வேறு யார் படுத்திருக்கிறார்களோ. மன்னிச்சிரு அக்கா என்றாள். கடிதம் எழுதியவள் அக்கா என்ற சொல்லைத் தானாகச் சொன்ன முதல் நாள் அது.

சோலை மன்னிக்கவில்லை. மன்னிக்கக் கொஞ்ச நாள் வேண்டும், எத்தனை நாள் என்று தெரியாது, ஆனால் அம்மாவிடம் வருகிறேன் என்று பெட்டியை எடுத்தாள். டீச்சரும் அனுப்ப ஒப்புக்கொண்டார். பஸ்ஸில் தங்கப்பழத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மேலச்சத்திரத்தில் இறங்கி அவள் தெருவில் கால் வைத்ததும், தெருமுனைவரை வந்து நின்ற தண்ணீர் அவள் பாதத்தை ஒரு தரம் நனைத்துவிட்டு, அவள் நடக்க நடக்க முன்னால் பின்வாங்கி, வாசல் தாண்டி, கூடம் தாண்டி, கொல்லை தாண்டிக் கிணற்றுக்குள் இறங்கிப் படுத்தது. இறங்கும் சத்தம் கேட்டுத் தெருவில் நாலைந்து வீட்டில் சாப்பாட்டுப் பாத்திரங்களை மூடினார்கள்.

அன்று பொழுது சாயும் முன் பொன்ரேகா வாசலில் நின்று, போவோர் வருவோரிடமெல்லாம் கடிதம் எழுதியது நான், எங்கள் அம்மா இல்லை என்று சொன்னாள். மரியதங்கத்திடம் இரண்டு தரம் சொன்னாள். ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. ஒரு மாதம் பொன்ரேகாவைக் கண்டால் முகம் சுளித்தது, அப்புறம் குலசாமி கோயில் மாசிக் களரி வந்து மறந்துவிட்டது. ஐந்து தையல் பெண்களும் திரும்பி வந்து, எண்ணெய் விட்டு மெஷின்களின் துருவைத் தேய்த்தார்கள். தங்கப்பழம் ஸ்கூட்டரில் இரண்டு பேரையும் ஒரே நடையில் ஏற்றிப் போனார். பதினாறு நாள் சோலை பொன்ரேகாவிடம் பேசவில்லை. பதினேழாம் நாள், பேனா இருக்கா என்று கேட்டாள்.

மிச்சமிருந்த நாலு மாதம் மூன்று பேரும் மூன்றாம் படியில் உட்கார்ந்தார்கள். பொன்ரேகாவுக்கு எரிச்சல் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அம்மாவின் கை சோலையின் முதுகுக்குப் போகும்போதெல்லாம் அடிவயிற்றில் ஒரு பொறி விழும். விழுந்தால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடப் பழகியிருந்தாள். அக்கா, எனக்கு எரியுது என்பாள். எனக்கும்தான், இன்னைக்கு அவ எங்க அம்மாகூட ரொட்டி சுட்டாளாம் என்பாள் சோலை. சுயம்புக்கனி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தான் வெறுங்காலோடு ஓடிய அந்தப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த பெண் மெட்ராஸ் போய் வந்ததையும், அந்த வருடம் முழுக்க அவள் வீட்டுத் தெரு வழியாகத் தான் நடக்காததையும் சொன்னாள். அதை அவள் முதல் தடவையாக இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் சொன்னாள்.

வைகாசி கடைசியில் சோலை கிளம்பினாள். மதுரை விமான நிலையத்துக்கு ஒரு வேன் பிடித்துத் தையல் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். கடல் அவளோடு போகவில்லை, அவள் போன பிறகு பொங்கவும் இல்லை. சொல்லிக்கொண்டு போகத் தெரிந்த விருந்தாளியைப்போல நாளுக்கு ஒரு படியாக இறங்கி, ஊர்ச் சனம் முறை வைத்து வந்து எட்டிப் பார்க்க நேரம் கொடுத்து, ஒன்பதாம் நாள் தரையில் ஒரு ஈரமாக நின்று, பத்தாம் நாள் அதுவும் இல்லாமல் போயிற்று. நகராட்சி ஆள் வந்து 'அலை உண்டு' என்பதைச் சிவப்பு மையால் அடித்தார். குருக்கள் ராமேஸ்வரம் பஸ் நேரம் விசாரித்தார்.

பதினைந்தாம் நாள் மத்தியானம், தையல் பெண்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், பொன்ரேகாவின் போனில் ஒரு படம் வந்தது. படகுத்துறையில் சோலை நிற்கிறாள், காற்றில் தலைமுடி மேலே பறக்கிறது. பின்னாலிருந்து ஒரு பெண் இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டு, தோளில் தாடையை வைத்துச் சிரிக்கிறாள். பொன்ரேகாவுக்கு அடிவயிற்றில் குப்பென்று பற்றியது. இதுவரை பற்றியதெல்லாம் தீக்குச்சி என்று தோன்றியது.

சுயம்புக்கனி மெஷினை நிறுத்திவிட்டு வந்து மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இதுதான் அவ அம்மாவா?"

"ஆமா."

சுயம்புக்கனி போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்தக் காத்துல புள்ளைக்குக் காதை மூடாம நிக்க வச்சிருக்கா பாரு," என்றாள்.

"கையை எப்படிப் போட்டிருக்காங்க பாரும்மா. மூச்சு விட வேண்டாமா அவ?"

"சட்டைப் பித்தானைக்கூட மாட்டி விடல."

பெண்கள் டீ குடித்துவிட்டு வந்து மெஷின்களில் உட்கார்ந்து, ஓட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். தாயும் மகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளை வீடு திரும்பியதைத் தவிர வேறொரு குற்றமும் செய்யாத அந்தப் பெண்ணின் மேல் ஒவ்வொரு குறையாகக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.